சிவப்புப் புள்ளி எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கும் கடிகாரத்தின் கீழ் விளிம்பை விரல்நுனி தொடுவதுபோல் வைத்துப் பாருங்கள். நகத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும்போது கடிகாரத்தின் எண்கள் மங்கிவிடும். எண்களைப் படிக்க முயன்றால் நகம் மங்கும். கண் மாறி மாறித் தாவுமே தவிர, இரண்டையும் ஒரே நொடியில் கூர்மையாகக் காட்டாது.

வெள்ளெழுத்து வந்த வாசகர்களுக்கு இந்தச் சோதனை சரியாக வராமல் போகலாம். அவர்களுக்கு நகம் எப்போதுமே மங்கல்தான். அதற்கும் இந்தக் கட்டுரையில் இடமிருக்கிறது.

உலகின் பல நாடுகளில் காவல்துறையினர் இப்போது தங்கள் பழைய கைத்துப்பாக்கிகளை வைத்துவிட்டு, மேலே சிறிய கண்ணாடிச் சாளரம் பொருத்திய புதிய கைத்துப்பாக்கிகளுக்கு மாறி வருகிறார்கள். அந்தச் சாளரத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 2021ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்த எஃப்என் 509 வகைத் துப்பாக்கி இப்படிப்பட்ட சாளரத்தைத் தாங்குவதற்கென்றே செதுக்கப்பட்டது. மாற்றத்துக்குக் காரணம் மேலே நீங்கள் செய்து பார்த்த சோதனைதான்.

மூன்று பொருள், ஒரு கண்

சாதாரணக் கைத்துப்பாக்கியில் குறிபார்க்க இரண்டு சிறு உலோகத் துண்டுகள் உண்டு. கண்ணுக்கு அருகில் இருப்பது நடுவில் பள்ளம் வெட்டிய பின்குறி. குழலின் முனைக்கு மேல் நிற்பது முன்குறி. பள்ளத்தின் நடுவே முன்குறியை நிறுத்தி, அதன் உச்சியை இலக்கின் மேல் வைக்க வேண்டும். தேசிய சேவையில் எம்16 பிடித்த தலைமுறைக்கு இது மறந்திருக்காது. எஸ்ஏஆர் 21 பிடித்த பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் கைப்பிடியிலேயே 1.5 மடங்கு உருப்பெருக்கி இருக்கிறது.

ஆக, பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று பொருள்கள் மூன்று வெவ்வேறு தொலைவில் நிற்கின்றன. கண்ணுக்கோ ஒரே ஒரு வில்லை. எதைக் கூர்மையாகப் பார்ப்பது?

பயிற்றுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பதில்: முன்குறியைப் பார். அதற்குக் கணக்கு இருக்கிறது. கைத்துப்பாக்கியில் இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் சுமார் 165 மில்லிமீட்டர். முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 15 மீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 25 மீட்டரில் 15 சென்டிமீட்டர். கைத்துப்பாக்கி குட்டையாக இருப்பதால் வரும் தண்டனை இது. அதனால் முன்குறி கூர்மையாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் இலக்கு மங்கும். எவ்வளவு மங்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீட்டிய கையில் முன்குறி கண்ணிலிருந்து சுமார் 65 சென்டிமீட்டர். அதைக் கூர்மையாகக் காண விழிவில்லை 1.5 டயாப்டர் அளவு கூடுதலாகக் குவிய வேண்டும். ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைக் காண 0.14 டயாப்டர் போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.4. இதைக் கண்மணியின் விட்டத்தால் பெருக்கினால் மங்கலின் கோணம் கிடைக்கும். இருட்டில், பதற்றத்தில் கண்மணி 6 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும். விடை: ஏழு மீட்டர் தொலைவில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் அகல வட்டமாகக் கரைந்து தெரியும்.

ஒரு கைத்தொலைபேசியின் அகலம் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். எதிரில் நிற்பவர் கையில் இருப்பது தொலைபேசியா, துப்பாக்கியா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த ஒரு நொடியில், விதிப்படி முன்குறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு அந்தக் கையே சரியாகத் தெரியாது. அறிவியல் பக்கத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான்.

நடைமுறையில் பெரும்பாலோர் முன்குறியைப் பார்ப்பதும் இல்லை. ஆபத்து நேரும்போது மனிதக் கண் ஆபத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி ஓர் உலோகத் துண்டின் மேல் வைப்பது இயற்கைக்கு எதிரான வேலை. நியூயார்க் காவல்துறைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களை ஆராய்ந்தது. இரு தரப்பும் சுட்டுக்கொண்ட நிகழ்வுகளில் காவலர்களின் குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கை அடைந்திருந்தன. எதிராளி திருப்பிச் சுடாத நிகழ்வுகளில்கூட 30 விழுக்காடுதான். மீதிக் குண்டுகள் எங்கோ போய் நின்றிருக்க வேண்டும் அல்லவா? 2012 ஆகஸ்ட் மாதம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, சக ஊழியரைக் கொன்ற ஒருவரை நோக்கி இரண்டு அதிகாரிகள் 16 முறை சுட்டார்கள். அந்த ஆள் இறந்தார். நடைபாதையில் சென்றுகொண்டிருந்த ஒன்பது பேரும் காயமடைந்தார்கள். ஒன்பது பேரையும் தாக்கியவை காவலர்களின் குண்டுகளோ அவற்றின் சிதறல்களோதான்.

தவறிய குண்டுகளுக்கெல்லாம் குறிபார்க்கும் கருவியே காரணம் என்று நான் சொல்லவில்லை. அச்சம், ஓட்டம், இருட்டு, போதாத பயிற்சி என்று எத்தனையோ உண்டு. ஆனால் கண்ணின் பங்கை மட்டும் ஓர் ஒளியியல் தந்திரத்தால் குறைக்க முடியும். அதைக் கண்டுபிடித்தவர் காவலரும் அல்லர், போர்வீரரும் அல்லர்.

டப்ளின் தொலைநோக்கிக்காரர்

ஹோவர்ட் கிரப், அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்தவர். வியன்னா வானாய்வகத்தின் 27 அங்குலத் தொலைநோக்கி அவருடைய பட்டறையில் உருவானது. பூனாவில் நிறுவப்பட்டு 1912இல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்த 20 அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கியும் கிரப் பட்டறையில் பிறந்ததுதான். 1900ஆம் ஆண்டில் அவர் துப்பாக்கிகளுக்கான ஒரு புதிய குறிகாட்டிக்குக் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு தொலைவில் உள்ள பொருள்களைக் கண் ஒரே சமயத்தில் கூர்மையாகக் காண இயலாது என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்.

அவருடைய தீர்வை இப்படி விளக்கலாம். குழியாடி ஒன்றின் குவியத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வையுங்கள். அதிலிருந்து விரிந்து செல்லும் கதிர்கள் ஆடியில் பட்டுத் திரும்பும்போது ஒன்றுக்கொன்று இணையாகப் போகும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். கைவிளக்கின் பின்புறக் கிண்ணம் இந்த விதிப்படிதான் வேலை செய்கிறது. இப்போது அந்த இணைகதிர்களின் பாதையில் உங்கள் கண்ணை வையுங்கள். இணையாக வரும் கதிர்களை நம் கண் எங்கே சந்தித்துப் பழகியிருக்கிறது? நட்சத்திரங்களிடமிருந்து! வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி மட்டுமே இணைகதிர்களாக வரும். ஆகவே கண் ஏமாறுகிறது. ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும் ஒளிப்புள்ளியை அடிவானத்துக்கு அப்பால் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். புள்ளி கண்ணாடியின் மேல் இல்லை. இலக்கின் மேலும் இல்லை. பலர் இதை லேசர் என்று நினைக்கிறார்கள். லேசர் சுட்டி எதிரில் உள்ளவரின் சட்டையில் உண்மையாகவே ஒரு சிவப்புப் பொட்டை வைக்கும். சுற்றியுள்ள அனைவருக்கும் அது தெரியும். இந்தப் புள்ளியோ குறிபார்ப்பவரின் விழித்திரையைத் தவிர வேறெங்கும் விழாது. எதிராளிக்குத் தெரிவது ஒரு சிறு கண்ணாடி, அவ்வளவே.

புள்ளியும் இலக்கும் இப்போது ஒரே குவியத்தில் இருப்பதால் அதிகாரி எதிரில் உள்ளவரையே, அவருடைய கைகளையே கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புள்ளி தானாக அந்தக் காட்சியின் மேல் மிதக்கும். கண் எங்கும் தாவ வேண்டியதில்லை.

வெள்ளெழுத்துக்காரர்களுக்கு இதுதான் பெரிய வரம். நாற்பதைத் தாண்டியதும் விழிவில்லை இறுகத் தொடங்குகிறது, 1.5 டயாப்டர் குவிவதே ஐம்பது வயதில் திணறலாகிவிடும். ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டிய ஒரு மூத்த அதிகாரிக்கு, முன்குறி நிரந்தர மங்கலாகிவிட்ட நிலையில், தளர்ந்த கண்ணோடு பார்த்தால் போதும் என்ற கருவி எவ்வளவு ஆறுதல்!

இன்னொரு நன்மை. பழைய குறிகளில் கண் சற்று நகர்ந்தாலும் குறி கெட்டுவிடும். இங்கே கதிர்கள் இணையாக இருப்பதால், சாளரத்தின் ஓரத்தில் புள்ளி தெரிந்தாலும் துப்பாக்கி அதே திசையைத்தான் காட்டும். இடமாறு தோற்றப்பிழை அடியோடு இல்லை என்று விளம்பரங்கள் சொல்வது கொஞ்சம் மிகை. ஆடி பிழையின்றி அமைந்திருந்தாலும், கண் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பிழை இருக்கவே செய்யும். சாளரத்தின் உயரம் 16 மில்லிமீட்டர் என்றால் மேலும் கீழும் அதிகபட்சம் 8 மில்லிமீட்டர். ஆனால் இது தூரத்தோடு வளராது என்பதுதான் அழகு. பத்து மீட்டரிலும் 8 மில்லிமீட்டர், ஐம்பது மீட்டரிலும் 8 மில்லிமீட்டர்.

இந்த யோசனை கைத்துப்பாக்கிக்கு வந்து சேர நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானங்களில் இது இருந்தது. மின்விளக்கும் கண்ணாடிப் பலகையுமாக விமானியின் முன்னே நின்றது. 1975இல் சுவீடனின் ஏய்ம்பாயிண்ட் நிறுவனம், எல்இடி விளக்கு வைத்த குறிகாட்டியை நீள்துப்பாக்கிகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். அது சிவப்பின் ஒரு குறுகிய அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பி மற்ற நிறங்களைக் கடந்துபோக விடும். சிவப்பில் கொஞ்சம் குறைவதால், இதன் வழியே பார்த்தால் உலகம் லேசான நீலப்பச்சைச் சாயலில் தெரியும். வான்நோக்கர்கள் இதை அறிவார்கள். என் சிறிய தொலைநோக்கியில் நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்க இருப்பதும் இதே சிவப்புப் புள்ளிக் குறிகாட்டிதான். அணைக்க மறந்து, மறுநாள் மேல்தளக் கார்நிறுத்துமிடத்தில் செத்த மின்கலத்தோடு நின்ற கதைகள் எனக்கு உண்டு.

கைத்துப்பாக்கியில் தாமதம் ஏற்பட்டதற்குக் காரணம் உதை. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கியின் மேற்சட்டம், அதாவது ஸ்லைடு, பின்னுக்குப் பாய்ந்து திரும்பி முன்னுக்கு மோதும். குறிகாட்டி உட்கார வேண்டியது அதன் மேல்தான். 8 கிராம் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அரைக் கிலோ எடையுள்ள ஸ்லைடும் குழலும் விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தைப் பெறும். அதுவும் குண்டு குழலுக்குள் இருக்கும் அரை மில்லிவிநாடிக்குள். முடுக்கத்தைக் கணக்கிட்டால் புவியீர்ப்பின் ஆயிரம் மடங்கைத் தாண்டும். இந்த அடியை ஆயிரக்கணக்கான முறை வாங்கி, எல்இடியின் இருப்பிடம் மயிரிழையும் நகராமல் இருக்க வேண்டும். டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் 2009 வாக்கில் வந்தபோதுதான் பணிக்கு நம்பத்தக்க கருவி என்ற எண்ணம் பரவியது. எடை மின்கலத்தோடு 34 கிராம்தான்.

ஒரு பாகைக்கும் குறைவு

இவ்வளவு நன்மை இருந்தால் கொடுத்த மறுநாளே எல்லாரும் நன்றாகச் சுட வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. இருபது ஆண்டு அனுபவமுள்ள அதிகாரி புதிய துப்பாக்கியை உறையிலிருந்து உருவி நீட்டுகிறார். சாளரம் வெறுமையாக இருக்கிறது. புள்ளியைக் காணோம்! துப்பாக்கியை மேலும் கீழும் ஆட்டித் தேடுகிறார். நொடிகள் போகின்றன. கருவியை நொந்துகொள்கிறார்.

கோளாறு கருவியில் இல்லை, வடிவியலில் இருக்கிறது. சாளரம் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை 8 மில்லிமீட்டர். 8-ஐ 600-ஆல் வகுத்துக் கோணமாக்கினால் 0.76 பாகை. துப்பாக்கி அந்த அளவுக்கு மேல் நிமிர்ந்தாலோ குனிந்தாலோ புள்ளி சட்டகத்தை விட்டு வெளியேறிவிடும். முக்கால் பாகை என்பது கடிகாரத்தின் விநாடி முள் எட்டில் ஒரு விநாடியில் நகரும் கோணம்.

பழைய குறிகள் தவறினாலும் வழி சொல்லும். முன்குறி உயரத் தெரிந்தால் முனையைத் தாழ்த்த வேண்டும் என்று புரியும். புள்ளியோ இருக்கும், அல்லது இருக்காது. எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது.

பழைய பழக்கமே இங்கே எதிரியாகிறது. முன்குறியைத் தேடிப் பழகியவர்கள் துப்பாக்கியை நீட்டும்போது முனையைச் சற்றுத் தூக்கி, பிறகு தாழ்த்துவார்கள். அந்தச் சிறிய தூக்கலில் புள்ளி தொலைகிறது. துப்பாக்கியையே பிடித்திராத புதியவர்கள் சில வேளைகளில் விரைவாகக் கற்றுக்கொள்வதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவின் நார்விச் பல்கலைக்கழகம் 2011இல் மாணவர்களை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது சிவப்புப் புள்ளிக் குழுவே கூடுதல் முறை இலக்கைத் தொட்டது. சிறிய ஆய்வு, அமைதியான சூழல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் பெரும்பகுதி குண்டில்லாமலேயே நடக்கிறது. சுவரில் ஒரு சிறு குறியை உற்றுப் பார்த்தபடி, வெற்றுத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கண்ணின் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நீட்டுவது. நூறு முறை, இருநூறு முறை. மணிக்கட்டு அந்த முக்கால் பாகையைத் தானாகக் கற்றுக்கொள்ளும்வரை. பல துறைகள் பழைய இரும்புக் குறிகளையும் உயரமாகச் செய்து சாளரத்துக்குள் தெரியும்படி விட்டுவைக்கின்றன. புள்ளி தொலைந்தாலும் அணைந்தாலும் அவை கைகொடுக்கும்.

பயிற்றுநர்கள் கையாளும் ஒரு வேடிக்கையான உத்தியும் உண்டு. சாளரத்தின் முன்பக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி அடைத்துவிடுகிறார்கள். சாளரத்தின் வழியே இப்போது எதுவும் தெரியாது, புள்ளியைத் தவிர. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு இலக்கைப் பார்த்தால், ஒரு கண் புள்ளியையும் மறு கண் இலக்கையும் காண, மூளை இரண்டையும் ஒன்றாக ஒட்டித் தருகிறது. புள்ளியையே முறைத்துப் பார்ப்பவருக்கு மட்டும் இந்த வித்தை வேலை செய்யாது, உடனே பிடிபட்டுவிடுவார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வலக்கண்ணில் வைத்து, இடது உள்ளங்கையைக் குழலின் ஓரமாக இடக்கண்ணுக்கு முன்னே பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். அதே மூளை, அதே வேலை.

மழை, வியர்வை, மின்கலம்

நம் வட்டாரத்துத் தட்பவெப்பத்தில் இந்தக் கருவி என்ன ஆகும் என்று யோசிப்பது சுவையானது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் விடையை ஏற்கெனவே அறிவார்கள். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி பனிமூட்டமாகிறதே, அதேதான். நம் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. 20 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் அதன் மேல் நீர் படிந்தே தீரும். காரிலிருந்து குதித்து ஓடும் அதிகாரிக்கு இது நல்ல செய்தி அல்ல. கண்ணாடியின் மேல் பூசும் மூடுபனித் தடுப்புக் கரைசல் ஓரளவுக்கு உதவும்.

மழை இன்னொரு வகைத் தொல்லை. திறந்த வடிவமைப்பில் எல்இடி வெளியே, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு குழியில் இருக்கும். ஒரு துளி நீர் அந்தக் குழியில் தேங்கினால் அதுவே ஒரு வில்லையாகி, புள்ளி சிதறி நட்சத்திரமாகும் அல்லது மறையும். இதற்காகவே எல்இடியை முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து மூடிய பெட்டி வடிவங்கள் வந்தன. ஏய்ம்பாயிண்டின் ஆக்ரோ அப்படிப்பட்டது. அதன் புள்ளியின் கோண அகலம் 3.5 நிமிடம், 25 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும், ஏழு மீட்டரில் ஒரு பச்சைப்பயறு அளவைவிடச் சற்றே பெரிதாக. கூடுதல் விலை எடை: 60 கிராம்.

மின்கலத்தைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஆக்ரோவின் இரண்டாம் பதிப்பு, பொத்தான் மின்கலம் ஒன்றில் 50,000 மணி நேரம் எரியும் என்கிறது நிறுவனம். ஐந்தரை ஆண்டுக்கு மேல்! இந்த வகை மின்கலத்தின் கொள்ளளவு 225 மில்லி ஆம்பியர் மணி அளவு. வகுத்துப் பார்த்தால் மின்னோட்டம் ஐந்து மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. ஒளியை யார்மீதும் வீசாமல் ஒரே ஒரு கண்மணிக்குள் மட்டும் அனுப்புவதால்தான் இந்தச் சிக்கனம் சாத்தியம். ஆனாலும் மின்கலத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவதே நல்ல பழக்கம். கருவியைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே வண்ணக்கோடு ஒன்று இழுத்துவைப்பார்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகாணி தளர்ந்துவிட்டது என்று பொருள்.

வெளிச்சத்தைத் தானே உணர்ந்து புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் வகைகளில் ஒரு பொறி இருக்கிறது. அதிகாரி இருட்டான நடைவழியில் நிற்கிறார். துப்பாக்கியிலுள்ள விளக்கு எதிர்ச்சுவரை வெள்ளையாக்குகிறது. உணரி இருப்பதோ இருட்டில். அது புள்ளியை மங்கலாக்குகிறது. வெளுத்த சுவரின் மேல் மங்கிய புள்ளி கரைந்துபோகிறது. அதனால் பலர் வெளிச்சத்தைக் கையாலேயே அமைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

கடைசியாக, சிலருக்குப் புள்ளி வட்டமாகவே தெரியாது. காற்புள்ளி மாதிரி, திராட்சைக் கொத்து மாதிரி, வால்நட்சத்திரம் மாதிரி தெரிவதாகச் சொல்லி, கருவி பழுது என்று திருப்பிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பழுது கருவிழியின் வளைவில் இருக்கும். அஸ்டிக்மாட்டிசம் என்று மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டிருப்பீர்கள். இரவில் தெருவிளக்குகள் கோடு கோடாக நீண்டு தெரிபவர்களுக்கு இது இருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது எளிது. தொலைநோக்கியின் குறிகாட்டியாக இருந்தாலும் சரி, புள்ளியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கருவி நலம். கண் மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டியதுதான்.